‘தற்கொலை’ என்று எழுதி மூடிவிடலாமா?

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஓர் அக்கா குடியிருந்தார். மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள். நான் படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் இரவு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

“தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு.”

அது, தம் கணவர்மீது அவர் கொடுத்த போலீஸ் புகாரின் நகல். அவர் தமிழும் அரைகுறை மலாயுமாகச் சொன்னதைக் காவல் நிலையத்தில் மலாயில் தட்டச்சு செய்திருந்தார்கள். நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அக்கா தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் அம்மாவிடம், “இத நீங்களே வச்சிருங்கக்கா. எங்க வீட்டுல இருந்தா கிழிச்சிப் போட்டுருவாரு” என்றார். அம்மா அதைப் பழைய மைலோ டின்னுக்குள் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் அந்த டின்னுக்குள் மூன்று தாள்கள் சேர்ந்தன. முதலாவது, அடித்தது பற்றியது. இரண்டாவது, கைப்பேசியை உடைத்துவிட்டுச் சம்பளப் பணம் எடுக்கும் அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டது பற்றியது. மூன்றாவதில் உடலில் எந்தக் காயமும் இல்லை. பிள்ளைகளை உன் கண்ணிலேயே காட்டமாட்டேன் என்று நாள்தோறும் மிரட்டியது பற்றியது. அவர் கணவர் குடிக்காதவர், ஒழுங்காக வேலைக்குப் போகிறவர், கோயில் திருவிழாவில் முன்னின்று உழைப்பவர். அதனால் அக்கா சொன்னதை எங்கள் தாமானில் முழுமையாக நம்பியவர்கள் சிலரே.

என் எஸ்.பி.எம். தேர்வு முடிந்த சில வாரங்களில் அக்கா இறந்துபோனார். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்றார்கள். துக்க வீட்டில், “ரொம்ப நாளா வயித்து வலியாம்” என்று ஒருவர் சொல்ல, அதையே எல்லாரும் சொன்னார்கள். நம் சமுதாயத்தில் எத்தனை பெண்களின் மரணத்தை அந்த வயிற்று வலி சுமந்திருக்கிறது! காவல்துறையினர் வந்தார்கள். உடல் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி வந்தது. ‘திடீர் மரணம்’ என்று பதிவாகி, அத்தோடு எல்லாம் முடிந்தது.

யாரும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி எதையும் கேட்கவில்லை. நாங்களும் அந்த மூன்று தாள்களை எடுத்துக்கொண்டு எங்கும் போகவில்லை. செத்த வீட்டுப் பொல்லாப்பு நமக்கு எதற்கு என்று அம்மா சொன்னார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த ‘சரி’க்காகத்தான்.

சொல்லிலேயே ஒரு தீர்ப்பு

தமிழ்மொழிக் கழகத்தின் மலரில் எழுதுவதால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தற்கொலை என்பது தன் + கொலை. கொன்றவர் யார் என்ற கேள்விக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே பதில் இருக்கிறது: தானே. விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பல மரணங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். மனநோய், கடன், தீராத பிணி என்று காரணங்கள் பல. ஆனால், ஆண்டுக்கணக்கில் அடியும் மிரட்டலும் அவமானமும் பட்ட ஒருவர், வெளியேறும் வழி ஒவ்வொன்றும் அடைபட்ட பிறகு இறந்துபோனால், ‘தன்’ என்ற ஒன்றே அங்கே போதுமா?

இது நமக்கு அந்நியமான பேச்சு அன்று. நம் நாட்டின் தேசியத் தற்கொலைப் பதிவேடு 2009ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில், மக்கள்தொகை விகிதப்படி இந்தியர்களின் இறப்பு விகிதமே மற்ற பெரிய இனங்களைவிட அதிகமாக இருந்தது. இந்த வேதனைக்குக் காரணம் ஒன்றல்ல. ஆனால், அதில் வீட்டு வன்முறையின் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு மரணத்திலும் கேட்காமல் விட்டால், அது நமக்கு எப்போதுமே தெரியப்போவதில்லை.

சட்டம் கேட்கச் சொல்லும் கேள்வி

சட்டத்துறையில் பயிலும் நண்பரின் அறையில் ஒரு நாள் நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 328ஆவது பிரிவு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மரண விசாரணையில் ‘மரணத்தின் காரணம்’ என்றால் என்ன என்று அப்பிரிவு விளக்குகிறது. உடலைப் பார்த்தோ பிரேதப் பரிசோதனை செய்தோ தெரியவரும் வெளிப்படையான காரணம் மட்டும் அன்று. அந்த மனிதர் எவ்வாறு மரணத்தை அடைந்தார், வேறொருவரின் சட்டவிரோதச் செயலால் அம்மரணம் எவ்வகையிலேனும் விளைந்ததா அல்லது விரைவுபடுத்தப்பட்டதா என்பதையும் அறிய வேண்டும் என்கிறது அப்பிரிவு.

‘விரைவுபடுத்தப்பட்டதா’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். மனைவியை அடிப்பது சட்டவிரோதச் செயல். மிரட்டுவதும் அப்படியே. அச்செயல்கள் ஒருவரின் மரணத்தை விரைவுபடுத்தினவா என்று கேட்க நம் சட்டம் இன்று நேற்றல்ல, நெடுங்காலமாகவே இடம் தந்திருக்கிறது. பிறகு ஏன் யாரும் கேட்பதில்லை?

அதற்கும் அதே சட்டத்தில் விடை இருக்கிறது. விசாரணை நடத்தாமலேயே மரணத்தின் காரணம் தமக்குத் தெளிவாகிவிட்டது என்று மாஜிஸ்திரேட் கருதினால், காரணங்களைக் குறிப்பிட்டு அரசு வழக்கறிஞர் தரப்புக்கு அறிக்கை அனுப்பி முடித்துக்கொள்ள 333ஆவது பிரிவு வழிவிடுகிறது. சந்தேகத்துக்குரிய வெளிக்காயம் இல்லை, வேறு ஆள் வந்துபோன தடயம் இல்லை என்றால் காரணம் ‘தெளிவாகி’விடுகிறது. எங்கள் அக்கா கொடுத்த மூன்று புகார்களின் மூலமும் காவல் நிலையத்தில்தான் இருந்திருக்கும். ஒரு கோப்பில் அவர் புகார்தாரர். இன்னொரு கோப்பில் அவர் இறந்தவர். இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை.

‘சாகச் சொன்னானா?’

ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டுவது நம் நாட்டில் குற்றம்தான். குற்றவியல் சட்டத்தின் 306ஆவது பிரிவின்கீழ் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால், உடந்தை என்பதற்கு அச்சட்டம் தரும் பொருள் குறுகியது: தூண்டியிருக்க வேண்டும், சதியில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே உதவியிருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் அடித்தவர் ஒரு முறையேனும் ‘செத்துப் போ’ என்று சொன்னாரா, சாக வேண்டும் என்று எண்ணித்தான் செய்தாரா என்று வழக்கு திசைமாறும். அடித்தவர் பெரும்பாலும் அவள் சாக வேண்டும் என்று எண்ணுவதில்லை. தன் காலடியில் உயிரோடு கிடக்க வேண்டும் என்றே எண்ணுகிறார். அதனால் 306ஆவது பிரிவு அவரைத் தொடாமல் போய்விடுகிறது.

1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தால் மனவதையும் குடும்ப வன்முறையின் வரையறைக்குள் வந்தது. 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தால், சமூகநல அதிகாரியே விரைந்து வழங்கக்கூடிய அவசரப் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. அது 7 நாளுக்குச் செல்லும். இவையெல்லாம் பெண்கள் அமைப்புகள் பல்லாண்டு போராடிப் பெற்ற நன்மைகள். ஆனால், அச்சட்டம் உயிரோடு இருப்பவரைக் காப்பதற்கானது. காக்கத் தவறி அவர் இறந்துவிட்டால் அதன்பின் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய 309ஆவது பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, வேதனை தாளாமல் உயிரை விட முயன்று பிழைத்துக்கொண்ட பெண்ணுக்கு ஓராண்டு வரை சிறை காத்திருந்தது. எங்கள் அக்கா அதற்கு முன்பும் ஒரு முறை மருத்துவமனையில் கிடந்தார். மருத்துவர் கேட்டபோது, தவறுதலாக நடந்துவிட்டது என்று சொன்னதாகப் பின்னர் அம்மாவிடம் கூறினார். உண்மையைச் சொன்னால் போலீஸ் தம்மைப் பிடித்துக்கொண்டு போகும், பிள்ளைகள் கணவரிடம் போய்விடுவார்கள் என்று பயந்தாராம். அடித்தவருக்கு இல்லாத பயம் அடிபட்டவருக்கு!

சட்டம் மாறாது என்பார்கள், மாறியிருக்கிறது

2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் இனத்துப் பெண் ஒருவர், சமூக ஊடகங்களில் அறியப்பட்டவர், இணையவழி வசைகளுக்கு ஆளான நிலையில் இறந்தார். அவரை இழிவுபடுத்திய பெண்ணுக்கு 1955ஆம் ஆண்டு சிறுகுற்றச் சட்டத்தின்கீழ் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். நாடே கொதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் மக்களவை குற்றவியல் சட்டத் திருத்தத்தை ஏற்றது. 2025 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. பகடிவதைக்கு எதிரான 507பி முதலான புதிய பிரிவுகளில் 507டி முக்கியமானது. ஒருவரின் சினமூட்டும் செயலால் மற்றவர் உயிரை மாய்த்துக்கொண்டாலோ அதற்கு முயன்றாலோ 10 ஆண்டு வரை சிறை விதிக்க அது வகை செய்கிறது.

இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. முகம் தெரியாத ஒருவர் கைப்பேசித் திரையில் திட்டினால் அது மரணத்துக்குக் காரணமாகலாம் என்று நாம் புரிந்துகொண்டுவிட்டோம். ஒரே கூரையின்கீழ், ஒரே கட்டிலில், பத்து ஆண்டுகள் திட்டியும் அடித்தும் வந்தால் அதுவும் காரணமாகலாம் என்று புரிந்துகொள்ள ஏன் தயங்குகிறோம்? புதிய பிரிவுகள் வீட்டுக்கு வெளியே மட்டும்தான் செல்லும் என்று எங்கும் சொல்லவில்லை. இருப்பினும், பகடிவதையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம், திருமணத்துக்குள் மெல்ல மெல்ல நடக்கும் வதையை எவ்வளவு தூரம் தொடும் என்பது நீதிமன்றத்தில்தான் தெரியவரும்.

பிற நாடுகள் நடந்த பாதை

இந்தக் கேள்வியோடு மற்ற நாடுகளும் மல்லுக்கட்டியிருக்கின்றன. லண்டன் சவுத்தாலில் வாழ்ந்த தெற்காசியப் பெண் ஒருவர் 2005இல் இறந்தார். கணவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. மருத்துவம் ஏற்கும் மனநோயாக இல்லாத வெறும் மனவேதனை ‘உடல் ஊறு’ ஆகாது என்று 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூற, வழக்கு விழுந்தது. ஆயினும் அதே தீர்ப்பு ஒரு கதவைத் திறந்துவைத்தது. நொந்து நலிந்த நிலையில் இருப்பவர்மீது நடத்தப்பட்ட சட்டவிரோதத் தாக்குதல், அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முக்கியக் காரணம் என்று நிறுவப்பட்டால், மரணம் விளைவித்த குற்றத்துக்கு இடமுண்டு என்றது. 2015இல் வாழ்க்கைத் துணையைத் தொடர்ந்து அடக்கி ஆளும் நடத்தையே தனிக் குற்றமாக்கப்பட்டது. 2017இல், தம்மை விட்டுப் பிரிந்த பெண்ணை விடாமல் துரத்தி அவர் சாவுக்குக் காரணமான ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 ஆண்டு சிறை சென்றார். எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் மரணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஜூரிகள் விடுவித்தனர். தாக்குதலுக்கும் அடக்கியாண்ட நடத்தைக்கும் ஆறரை ஆண்டுச் சிறை கிடைத்தது.

அந்நாட்டுக் காவல்துறை இத்தகைய மரணங்களைத் தனியே எண்ணத் தொடங்கியபோதுதான் உண்மை வெளிவந்தது. 2023 மார்ச்சோடு முடிந்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்க்கைத் துணையால் கொல்லப்பட்டவர்கள் 80 பேர். குடும்ப வன்முறைக்குப் பின் தற்கொலை செய்துகொண்டதாகக் கருதப்பட்டவர்கள் 93 பேர். எண்ணாதவரை அந்த 93 பேரும் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள்.

பிரான்ஸ் 2020இல் நேரடியாகவே சட்டம் இயற்றியது. வாழ்க்கைத் துணையைத் தொடர்ந்து மனவதை செய்து, அவர் உயிரை மாய்த்துக்கொண்டாலோ அதற்கு முயன்றாலோ 10 ஆண்டுச் சிறையும் 150,000 யூரோ அபராதமும் விதிக்கலாம். இந்தியாவோ 1983இலேயே தன் சாட்சியச் சட்டத்தைத் திருத்தியது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இவ்வாறு இறந்து, கணவரோ அவர் உறவினரோ கொடுமை செய்ததும் நிறுவப்பட்டால், அவர்களே தூண்டினர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 2024 ஜூலையில் அங்கே புதிய சட்டங்கள் வந்தபோதும் அவ்விதி தொடர்ந்தது. நம் குற்றவியல் சட்டம் இந்தியச் சட்டத்தின் அச்சில் வார்க்கப்பட்டது. அங்கே புதிய சட்டங்கள் வரும்வரை 306 என்ற பிரிவு எண்கூட ஒன்றாகவே இருந்தது. அவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் சேர்த்ததை நாம் இன்னும் விவாதிக்கவே தொடங்கவில்லை.

நியாயமான தயக்கங்கள்

இதை எதிர்ப்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்லர். ஒரு மனிதரின் கடைசி முடிவுக்குக் காரணம் ஒன்றே என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்கிறார்கள். துக்கத்தில் இருக்கும் கணவர்மீது பெண் வீட்டார் பழி தீர்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தியாவைப் போன்ற அனுமான விதியை நான் கேட்கவில்லை. குற்றத்தை அரசுத் தரப்பே ஐயத்துக்கு இடமின்றி நிறுவட்டும். ஆனால், நிறுவுவது கடினம் என்பதற்காகக் கேள்வியையே கேட்காமல் இருப்பது நீதியாகாது.

மூன்றாவதாக ஒரு தயக்கம் உண்டு. அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. செத்தால்தான் உன் பேச்சு எடுபடும் என்ற எண்ணத்தை இத்தகைய சட்டம் வளர்த்துவிடாதா? வளர்க்கக்கூடும், உயிரோடு இருக்கும்போது கொடுத்த புகாரை நாம் தொடர்ந்து குப்பையில் போட்டால்! எனவே இறந்தவருக்கான நீதியும் வாழ்பவருக்கான பாதுகாப்பும் சேர்ந்தே வர வேண்டும். முதல் புகாரிலேயே பாதுகாப்பு ஆணை கிடைத்திருந்தால் எங்கள் அக்காவின் மூன்றாவது தாளுக்கே வேலை இருந்திருக்காது.

என்ன வேண்டும்?

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, குடும்ப வன்முறைப் புகாரோ பாதுகாப்பு ஆணையோ பதிவாகியுள்ள ஒருவர் திடீரென இறந்தால், பழைய கோப்புகளை மரணக் கோப்போடு இணைப்பதும், 328ஆவது பிரிவின் கேள்வியை முழுமையாகக் கேட்டு மரண விசாரணை நடத்துவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டாவது, இத்தகைய மரணங்கள் ஒவ்வோர் ஆண்டும் தனியே எண்ணப்பட்டு, எந்த இடத்தில் காப்பாற்றும் வாய்ப்பு தவறியது என்று ஆராயப்பட வேண்டும். மூன்றாவது, தொடர் வன்முறை தற்கொலைக்கு இட்டுச்சென்றது என்று நிறுவப்பட்டால், ‘செத்துப் போ’ என்ற சொல் இல்லாவிட்டாலும் அது கடும் குற்றமாகத் தண்டிக்கப்பட வேண்டும்.

இவை நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. “பிள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கம்மா” என்று சொல்லி அனுப்பும் பெரியவர்கள் நம் குடும்பங்களில்தான் இருக்கிறார்கள். முஸ்லிம் அல்லாதவர் மணமுறிவு கோருமுன், விதிவிலக்குகள் தவிர, சமரசக் குழுவுக்குச் செல்ல வேண்டும் என்று 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் சொல்கிறது. அந்தச் சமரசத்துக்கு முன்பே உறவினர், கோயில், தாமான் என்று நாம் நடத்தும் சமரசங்கள் எத்தனை! ஒவ்வொரு சமரசத்துக்குப் பிறகும் அந்தப் பெண் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான்.

இம்மலரை வாசிக்கும் உங்களுக்குத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரியும். அது சிறிய பலம் அன்று. உங்கள் தாமானிலும் ஓர் அக்கா மடித்த தாளோடு நின்றுகொண்டிருக்கலாம். படித்துச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். காவல் நிலையத்துக்கும் சமூகநல இலாகாவுக்கும் கூடவே போங்கள். ஒருவேளை எல்லாம் கைமீறிப் போய்விட்டால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியைத் தேடிப் போங்கள். நான் போகவில்லை.

அந்த மைலோ டின் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அக்காவின் மூத்த மகள் இப்போது படிவம் ஐந்தில் படிக்கிறாள். அம்மா வயிற்று வலியில் இறந்ததாகத்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் அவள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவாள். அன்று அந்த மூன்று தாள்களையும் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தும் ஏன் யாரும் கேட்கவில்லை என்று அவள் கேட்பாள். அவளுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டாமா?

(நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ வேதனையில் இருந்தால் தயங்காமல் அழையுங்கள்: தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, மகளிர் உதவி அமைப்பு 03-3000 8858.)